கொயிலைக் குறை சொல்லுமுன்

சிறுபோகக் காலத்தில் கலேவெல, தம்புள்ளைப் பக்கம் விடியற்காலையில் போனால் குருவிச் சத்தத்துக்கு முன்னால் வாட்டர் பம்ப் சத்தம்தான் காதில் விழும். விவசாயக் கிணற்றடியில் ஒரு சின்ன எஞ்சின், அதிலிருந்து இரண்டு அங்குலக் குழாய், குழாய் முடிகிற இடத்தில் பெரிய வெங்காயமோ மிளகாயோ நிற்கும் பாத்தி. மழை இல்லாத மாதங்களில் அந்த எஞ்சின் ஓடுகிற வரைதான் பயிர். அங்கே விளைகிறதுதான் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் லொறி லொறியாக ஏறி நாடு முழுக்கப் போகிறது. ரத்தோட்டை, எல்கடுவை என்று மலைப்பக்கம் ஏறினால் அதே இனத்து எஞ்சின் புல்வெட்டும் மெஷினாகத் தோளில் தொங்கும். 2015இல் கிளைபோசேற் களைகொல்லி தடை செய்யப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை 2018இல்தான் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் புல்லை வெட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் தோட்டங்களுக்கு இந்த மெஷினின் அருமை நன்றாகவே தெரிந்தது.

கயிறு இழுத்து ஓட்டும் இந்தச் சின்ன எஞ்சின்களில் பற்றரி கிடையாது. கயிற்றை இழுத்தால் ஓடுகிறது, அவ்வளவுதான். அந்த முதல் பொறியைத் தருவது மக்னெட்டோ. நம் ஊர் பாஸ்மார் சுருக்கமாக மக்னெட் என்பார்கள். எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டால், அல்லது எத்தனை இழுத்தும் பிடிக்காவிட்டால், யாராவது ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொல்வார்: “கொயில் போயிருச்சி அண்ணே.” பணத்தை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்ப் புதுக் கொயில் வாங்கி வந்து பூட்டுகிறோம். சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. ஓடினாலும், பூட்டும்போது தற்செயலாக நேரான வேறெதுவோதான் காரணமாக இருந்திருக்கும். மக்னெட்டோவில் கடைசியாகக் கெடுகிற சாமான் கொயில். முதலில் பழி ஏற்பதும் அதுதான். இந்த வரிசை தலைகீழாக இருப்பதால் விவசாயிக்குக் காசும் போகிறது, தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளும் போகிறது. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது விளங்கிவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

காந்தம் அசைந்தால் பக்கத்திலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபரடே 1831இல் கண்டுபிடித்தார். நம் எஞ்சினில் அந்தக் காந்தம் ஃப்ளைவீலின் விளிம்பில் பதிந்திருக்கிறது. விசிறிபோல் காற்றுத் தள்ளும் அதே வீல்தான். அந்த விளிம்பை ஒட்டினாற்போல், மயிரிழை இடைவெளி விட்டு, கொயில் இரண்டு கால் ஊன்றி நிற்கிறது. அந்தக் கால்கள் முழு இரும்பு அல்ல, மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தவை. அதன் மேல் இரண்டு சுற்று உண்டு. உள்சுற்று கொஞ்சம் தடித்த கம்பி, சில நூறு சுற்றுதான். வெளிச்சுற்று முடிபோல் மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. அதன் ஒரு நுனிதான் கறுப்பு வயராகப் பிளக்குக்குப் போகிறது.

காந்தம் கொயிலின் கால்களைக் கடக்கும்போது இரும்புக்குள் காந்த ஓட்டம் ஒரு திசையில் ஏறி, கணத்தில் மறுதிசைக்குப் புரள்கிறது. அந்தப் புரளலில் உள்சுற்றில் மின்சாரம் ஓடும். ஆனால் அந்த மின்சாரம் வெறும் சில வோல்ட். அதை வைத்துப் பிளக்கில் பொறி எழுப்ப முடியாது. இங்கேதான் மக்னெட்டோவின் சூட்சுமம் இருக்கிறது. உள்சுற்றில் ஓட்டம் உச்சத்தில் இருக்கும் அந்த நொடியில் வழியை வெட்டிவிட வேண்டும். பம்ப் முழு வேகத்தில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும்போது வால்வை ஒரே திருப்பில் மூடினால் குழாய் ‘டக்’ என்று துள்ளுமே, சில நேரம் ஜொயின்ட்டே கழன்றுவிடுமே, அதைப் போலத்தான். ஓடிக்கொண்டிருந்தது போக இடமில்லாமல் அழுத்தமாக மாறுகிறது. உள்சுற்றில் சில நூறு வோல்ட் எழும்பும். வெளிச்சுற்றில் சுற்று அதிகம் என்பதால் அது 10,000 வோல்ட்டையும் தாண்டிப் போய்ப் பிளக்கின் வாயில் பாயும்.

வழியை வெட்டுகிற வேலையைப் பழைய எஞ்சின்களில் பொயின்ட் செய்தது. சுழலும் தண்டிலுள்ள ஒரு மேடு பொயின்ட்டைத் திறந்து மூடும். திறக்கும் நொடியில் பொயின்ட்டிலேயே பொறி பாய்ந்து சக்தி வீணாகாமல் பக்கத்தில் ஒரு கண்டென்சர் காவல் நிற்கும். 1983இல் ஹொண்டாவின் ஜி.எக்ஸ். வரிசை வந்தது. அதையொட்டிய காலத்தில் சின்ன எஞ்சின்களில் பொயின்ட் மறையத் தொடங்கி, அதே வேலையைக் கொயிலுக்குள்ளேயே ஒரு டிரான்சிஸ்டர் ஏற்றுக்கொண்டது. இன்று கடைகளில் ஜி.எக்ஸ். 160இன் அச்சில் வார்த்த சீன எஞ்சின்கள் நிறைய. அவற்றிலும் இதே முறைதான். பொயின்ட் உள்ள பழைய ரொபின் பம்புகளை இன்னும் கண்போல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு மரியாதை கூடும். பொயின்ட் எஞ்சினைக் கிணற்றடியிலேயே கழற்றித் துடைத்து ஓடவைக்கலாம். டிரான்சிஸ்டர் போனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மக்னெட்டோவுக்கு வயது நூற்றுக்கு மேல். ஜெர்மனியில் ரொபர்ட் பொஷ் 1887இல் ஒரே இடத்தில் நின்று ஓடும் எஞ்சின் ஒன்றுக்காக மக்னெட்டோ செய்தார். அது குறைந்த வோல்ட் வகை, சிலிண்டருக்குள்ளேயே தொடுப்பு திறந்து பொறி விடும். அவரிடம் வேலை பார்த்த கொட்லொப் ஹொனோல்ட் 1902இல் உயர் வோல்ட் மக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் கொண்டுவந்த பிறகுதான் இன்றைய முறை பிறந்தது. பொஷ் சாமான்களில் வட்டத்துக்குள் ஒரு குறி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அந்தப் பழைய மக்னெட்டோவின் உட்சுழலி. கார்களில் பற்றரி வந்ததும் மக்னெட்டோ போய்விட்டது, ஆகாயத்தில் மட்டும் போகவில்லை. சீகிரியா ஓடுபாதையில் ஒரு சின்ன பிஸ்டன் விமானம் இறங்கினால் பெரும்பாலும் அதன் எஞ்சினில் இரண்டு மக்னெட்டோ இருக்கும். பறக்குமுன் விமானி ஒன்றை நிறுத்தி மற்றதில் ஓடவிட்டு, பிறகு மாற்றி, இரண்டும் சுகமா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். வெளியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் கேட்காத சாமானைத்தான் ஆகாயத்தில் நம்ப முடியும். நம் கிணற்றடியிலும் அதே நம்பிக்கைதான்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பொறியின் பலம் காந்தம் கடக்கும் வேகத்தைப் பொறுத்தது. வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கரண்ட் இல்லை என்று சொல்வது நியாயமில்லை. கயிற்றை முதலில் பாரம் தட்டும் வரை மெல்ல இழுத்து, விட்டு, பிறகு ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். அரைமனதாக இழுக்கும் இழுப்பில் நல்ல மக்னெட்டோவும் ஊமையாகத்தான் இருக்கும்.

சரி, எஞ்சின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றுங்கள். நுனி எண்ணெயாக, கரியாக இருந்தால் துடைத்து உலர்த்துங்கள். வாயின் இடைவெளியை அளவுத் தகட்டால் பாருங்கள். ஜி.எக்ஸ். 160 வகைக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. தேய்ந்து தேய்ந்து அது 1 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் கயிற்று வேகத்தில் வரும் வோல்ட் அதைத் தாண்ட முடியாது. நேற்று வரை ஓடிய எஞ்சின் இன்று காலையில் மட்டும் பிடிக்காததற்கு இது ஒரு வழக்கமான காரணம், அதுவும் மிக மலிவான காரணம். வேறொரு நல்ல பிளக் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். பிளக்கை மாற்றிப் பார்க்காமல் வேறெதையும் கழற்றக்கூடாது என்பது என் கண்டிப்பு.

பொறி இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பிளக்கைக் கெப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சினின் வெறும் இரும்பில் அழுத்தி, நிழலில் வைத்துக் கயிற்றை இழுங்கள். நீலமாக, ‘சட்’டென்று கேட்கும்படி அடித்தால் நல்லது. மஞ்சளாக, சிவப்பாக, ஓசையில்லாமல் வந்தால் பலவீனம். ஆனால் திறந்த காற்றில் அடிக்கும் பொறி சிலிண்டருக்குள்ளும் அடிக்கும் என்று உறுதி இல்லை. உள்ளே காற்று நெருக்கப்பட்டிருப்பதால் அங்கே தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள பாஸ்மார் சோதனைக்கென்று வாய் அகலமான பழைய பிளக் ஒன்றை வைத்திருப்பார்கள். அதில் 5 மி.மீ. தாண்டினால் சந்தேகமில்லை. சிந்திய பெற்றோலைத் துடைத்துவிட்டு, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ஓட்டையிலிருந்து வரும் ஆவி பற்றிக்கொண்டால் முகத்தில்தான் அடிக்கும். இன்னொன்று, ஓடும் எஞ்சினிலிருந்து கெப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். போக வழியில்லாத வோல்ட் கொயிலின் உள்காப்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். நல்ல கொயிலைச் சாகடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

பொறியே இல்லை என்றாலும் கொயிலுக்குப் போகாதீர்கள். எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பற்றரி இல்லாததால் அங்கே மின்சாரத்தைத் துண்டிக்க எதுவும் இல்லை. சுவிட்ச் செய்வதெல்லாம் உள்சுற்றை எஞ்சினின் உடம்போடு சேர்த்து எர்த் பண்ணுவது மட்டும்தான். அப்படியென்றால் கொயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் அந்த ஒற்றை வயர் எங்காவது தோலுரிந்து இரும்பைத் தொட்டால், சுவிட்ச் ஒன்னில் இருந்தாலும் எஞ்சினுக்கு அது ஓஃப்தான். களஞ்சியத்தில் கிடக்கும் பம்பில் எலி கடிக்கும் முதல் இடமும் பெரும்பாலும் அந்த வயர்தான். வீல் மூடியைக் கழற்றி, கொயிலின் காலடியிலுள்ள அந்த வயரைப் பிடுங்கி ஒதுக்கி வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் கொயில் நிரபராதி.

இதோடு சேர்ந்த இன்னொரு காவலாளியும் உண்டு, நம் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். ஜி.எக்ஸ். வகையிலும் அதன் பல நகல்களிலும் கிராங்கேஸுக்குள் ஒயில் மட்டம் பார்க்கும் மிதவை இருக்கிறது. ஒயில் குறைந்தால் அது இதே வயரை எர்த் பண்ணி எஞ்சினை நிறுத்திவிடும். எஞ்சினின் உயிரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் கிணற்று வரம்பு சரிவாக இருந்து, பம்ப் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், ஒயில் போதுமான அளவு இருந்தும் மிதவை ஏமாந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து சமதரையில் வைத்தால் ஓடும், கிணற்றடிக்குப் போனால் நிற்கும். பேய் பிடித்த மெஷின் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். மிதவையிலிருந்து வரும் மஞ்சள் வயரைக் கழற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆனால் அதைக் கழற்றியபடியே ஓட்டாதீர்கள். இரண்டு பலகைத் துண்டை அடியில் கொடுத்து பம்பைச் சமமாக உட்காரவைப்பதும், வரம்பில் ஏற்றுமுன் ஒயில் பார்ப்பதும்தான் வைத்தியம்.

மலைப்பக்கம் வேறு கதை. ரிவர்ஸ்டன் பக்கத்து மூடுபனியில் இரவெல்லாம் நனைந்த மெஷினில் பிளக் வயரும் கெப்பும் வெடித்திருந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியாக எஞ்சின் உடம்புக்கு ஓடிவிடும். இருட்டில் வைத்துக் கயிற்றை இழுத்தால் வயரின் மேல் நீலமாக ஊர்ந்து போவது கண்ணுக்கே தெரியும். கெப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியில் கால் அங்குலம் நறுக்கிவிட்டுத் திரும்பப் பூட்டினாலே பல நேரம் தீர்ந்துவிடும், வயரில் அவ்வளவு நீளம் மிச்சமிருந்தால்.

இனி வீலுக்கும் கொயிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. மக்னெட்டோவைப் பொருத்துவதில் கைத்திறன் தேவைப்படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜி.எக்ஸ். 160க்கு 0.4 மி.மீ. என்பது ஹொண்டா சொல்லும் அளவு. 0.2 கூடலாம், குறையலாம். அகன்றால் காந்தத்தின் பலம் காற்றிலேயே கரைந்துவிடும். நெருங்கினால் வீல் சூடேறி விரியும்போது கொயிலின் காலை உரசும். பொருத்துமுன் வீலின் காந்த முகங்களையும் கொயிலின் கால்களையும் மெல்லிய எமரித் தாளால் துரு போகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். துரு என்பது வெறும் அழுக்கல்ல, அதுவும் இடைவெளியைத் தின்னும்.

கொயிலை வைத்து இரண்டு ஆணியையும் தளர்வாகப் பிடிக்கவிடுங்கள். கொயிலை மேலே தூக்கி, வெளிப்பக்கம் விட்டு ஒரு ஆணியை மட்டும் லேசாக இறுக்குங்கள். காந்தம் கொயிலின் கால்களுக்கு நேரே வரும்படி வீலைத் திருப்புங்கள். 0.4 மி.மீ. அளவுத் தகட்டை இடையில் நுழையுங்கள். அளவுத் தகடு பித்தளை என்றால் நல்லது, இரும்புத் தகட்டைக் காந்தம் பிடித்துக்கொண்டு கையை அலையவைக்கும். தகடே இல்லாவிட்டால் தடித்த விசிட்டிங் கார்ட் ஒன்று ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும், ஆபத்துக்கு அது போதும். இப்போது இறுக்கிய ஆணியைத் தளர்த்துங்கள். காந்தம் கொயிலை ‘டப்’ என்று இழுத்துத் தகட்டின் மேல் உட்காரவைக்கும். உங்கள் கைக்கு அங்கே வேலையே இல்லை. அது உட்கார்ந்தபடியே இரண்டு ஆணியையும் மாறி மாறி இறுக்கிவிட்டு, வீலைத் திருப்பினால் தகடு தானாக வெளியே வரும். இரண்டு காலிலும் இடைவெளி ஒன்றா என்று பார்த்துவிட்டு, வீலை முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது உரசினால் இடைவெளியைக் கூட்டுமுன் கிராங்கின் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று வீலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங் தேய்ந்த எஞ்சினில் எந்த இடைவெளியும் நிலைக்காது.

கழற்றிய கொயில் எந்தப் பக்கம் வெளியே பார்த்து நின்றதோ அதே பக்கம்தான் திரும்ப நிற்க வேண்டும். கழற்றுமுன் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. சில கொயில்கள் தலைமாறியும் பூட்டுப்படும். அப்போது காந்தத்தின் முனை வரிசை மாறி, பொறி வந்தாலும் தவறான நேரத்தில் வரும்.

நேரம் என்றதும் வீலின் கீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலவை எரிந்து அழுத்தம் ஏற நேரம் வேண்டும் என்பதால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். இந்த எஞ்சின்களில் கிராங்க் இன்னும் 20 முதல் 25 டிகிரி சுற்ற மிச்சமிருக்கும்போது அது விழுகிறது. வீல் கிராங்கின் மேல் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அரைவட்டமான அந்தச் சின்னக் கீ. பலர் நினைப்பதுபோல் வீலைப் பிடித்து நிறுத்துவது கீ அல்ல. கிராங்கின் கூம்பு நுனியும் வீலின் கூம்புத் துளையும் ஒன்றையொன்று கவ்வுவதுதான் பிடிப்பு. நட் தளர்ந்தால் அந்தக் கவ்வல் போய்விடும், பாரமெல்லாம் கீயின் தலையில் விழுந்து அது நசுங்கும் அல்லது வெட்டுப்படும். வீல் இரண்டு டிகிரி, ஐந்து டிகிரி என்று நகர்ந்துவிடும். பொறி பார்த்தால் நீலமாக நன்றாகவே அடிக்கும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பொறி முந்திவிட்டால் கயிற்றைக் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி விரலைப் பதம் பார்க்கும். பிந்திவிட்டால் சைலன்ஸர் வழியாகப் படபடவென்று வெடிக்கும், எஞ்சின் சூடேறும், தண்ணீர் தள்ளாது. பொறி நன்றாக இருந்தும் இந்த அறிகுறிகள் கண்டால் வீலைக் கழற்றிக் கீயைப் பார்த்துவிடுங்கள். வீலின் வெட்டும் கிராங்கின் வெட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அரை மி.மீ. படி தெரிந்தாலும் கீயை மாற்ற வேண்டும். வெட்டிய ஆணித் துண்டை ராவி அந்த இடத்தில் அடித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது வீலையும் கிராங்கையும் சேர்த்துக் கெடுக்கும் வேலை.

வீலைக் கழற்றுவதற்குச் சுத்தியல் வேண்டாம், புல்லர் போடுங்கள். அடித்தால் கிராங்கின் பேரிங் நோகும். பழைய காந்தங்களுக்கு அடி பட்டால் பலம் குறையும், புதிய வகை விரிசல் விடும். நட்டைத் திருகும்போது வீல் சுற்றாமலிருக்க அதன் இறக்கைகளுக்கு நடுவே திருப்புளியைக் கொடுத்து முட்டுக்கொடுப்பதும் வேண்டாம், இறக்கை ஒடிந்தால் காற்றுக் குறைந்து கொயில் சூடேறும். பிஸ்டன் மேலேறும் அமுக்க வேளையில், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது, பிளக் ஓட்டை வழியாக நைலோன் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே விட்டு, பிஸ்டனை அதன் மேல் முட்டவிடுவது பழைய நல்ல முறை. கயிற்றின் ஒரு முனை வெளியே இருக்கட்டும். திரும்பப் பூட்டும்போது கூம்பு இரண்டையும் பெற்றோல் துணியால் துடைத்து, ஒரு சொட்டு கிரீஸோ ஒயிலோ இல்லாமல் உலர்ந்தபடி உட்காரவைத்து, ஜி.எக்ஸ். 160 என்றால் 75 நியூட்டன் மீற்றர் அளவுக்கு நட்டை இறுக்க வேண்டும். கணக்காக இறுக்கும் ஸ்பேனர் வீட்டில் இல்லாவிட்டால் கராஜில் ஒரு முறை கேட்டு வாங்கலாம், வெட்கமில்லை.

பொயின்ட் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. பொயின்ட்டின் இடைவெளி பெரும்பாலும் 0.35 மி.மீ. பக்கத்தில் இருக்கும். அது கூடினால் பொயின்ட் சீக்கிரம் திறந்து பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். பெரும்போகம் முழுக்கச் சும்மா கிடந்த பம்பில் பொயின்ட்டின் முகத்தில் மங்கலாக ஒரு படலம் படிந்திருக்கும். அதைத் தேய்க்க முரட்டு எமரி வேண்டாம். மெல்லிய தாளால் ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான வெள்ளைக் காகிதத் துண்டை நடுவில் வைத்து மூடி இழுத்துத் துடைப்பு, அவ்வளவே. காகிதத்தில் ஒயில் கறை வந்தால் கிராங்கின் ஒயில் சீல் கசிகிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் பொயின்ட்டை எத்தனை முறை துடைத்தும் பயனில்லை. பொயின்ட்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் சீக்கிரம் சீக்கிரமாக விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். பொறி பிளக்கில் அடிக்காமல் பொயின்ட்டில் அடிக்கிறது.

பிளக் கரி பிடிப்பதற்கு மண்ணெண்ணெயும் ஒரு காரணம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் பம்பும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றரில் சில சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் பம்பை ஓட்டும் ஒழுங்கும் அதுதான்: பெற்றோலில் கிளப்பு, சூடேறியதும் மாற்று, நிறுத்துமுன் சில நிமிடம் திரும்பப் பெற்றோலில் ஓட்டு. அந்தக் கடைசிப் படியைத் தவிர்ப்பவர்களின் பிளக்தான் மறுநாள் காலையில் நனைந்து கறுத்துக் கிடக்கும். குளிர்ந்த மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, பலவீனமான பொறிக்கு அது பற்றாது. 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் நொடிக்கு 25 தடவை கலவை எரிய வேண்டும். அதில் தவறுகிற ஒவ்வொரு பொறியும் எரியாத எண்ணெயாகச் சைலன்ஸர் வழியாகப் போகிற காசு.

போகம் முடிந்து பம்பைக் களஞ்சியத்தில் வைக்கும் நாளில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வீல் மூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த புல்லையும் மண்ணையும் தட்டுங்கள். குளவிக்கு அந்த மூடியின் உட்புறம் மிகவும் பிடித்த இடம். கொயிலின் முதுகில் விரல்மொத்த மண்கூடு ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், விட்டுவிட்டால் காற்றோட்டம் அடைபட்டு அடுத்த போகத்தில் கொயில் வேகும். காந்த முகத்திலும் கொயில் காலிலும் மிக மெல்லியதாக ஒயில் துணியால் ஒரு துடைப்பு, பொயின்ட்டில் மட்டும் படாமல். காபரேற்றரையும் தாங்கியையும் வடித்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்து, பிஸ்டனை மேலே நிறுத்தி வையுங்கள். சுவிட்ச் வயரைக் கடிபடாத இடமாகச் சுற்றிக் கட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பொறி இல்லையென்றால், அப்போது கொயில்தான். கொயில் கெட்டதற்கு நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. குளிர்ந்திருக்கும்போது ஓடும், சூடேறிய பிறகு நிற்கும், ஆறியதும் மறுபடி ஓடும். உள்காப்பு பலவீனமாகி, சூட்டில் விரிந்து வழிவிடுகிறது. ஆகவே நின்ற உடனேயே, ஆறுமுன், பொறி பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் கொயில் நல்லது என்றே காட்டும். மல்ட்டிமீற்றர் இருந்தால் கெப்பைக் கழற்றிவிட்டு அளக்கலாம். ஹொண்டாவின் ஜி.எக்ஸ். 160 வகையில் உள்சுற்று சுமார் 1 ஓம், வெளிச்சுற்று 6 முதல் 7 கிலோ ஓம். மீற்றர் முற்றாகத் திறந்த வழி என்று காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. சரியான எண் காட்டினாலும் டிரான்சிஸ்டர் சுகமாக இருக்கிறது என்று அது சாட்சி சொல்லாது.

வாங்கப் போகும்போது எஞ்சினின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், பழைய கொயிலைக் கையில் கொண்டுபோங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் ஆணி ஓட்டைகளின் தூரம், கால்களின் வளைவு, வயர் புறப்படும் பக்கம் இவற்றில் வித்தியாசம் இருக்கும். மூன்றும் பொருந்தாமல் வாங்காதீர்கள். பூட்டி, இடைவெளி வைத்து, ஓடவிட்டு, தண்ணீர் வந்த பிறகு ஒரு முறை சுவிட்சை ஓஃப் செய்து பாருங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சோதிக்கும்போது பிடுங்கிய வயரைத் திரும்பச் செருகவில்லை. பெற்றோல் திருகியை மூடி எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த வயரைச் செருகுங்கள், மஞ்சள் வயரையும் பாருங்கள்.